முதலில் வீடா, ஊழியமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் நான் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கணவர் சபையில் இல்லை. நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போவதை ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் அண்மையில் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைமையில் எனக்கு ஒரு பொறுப்புக்கான அழைப்பு வந்தது. அதிலிருந்து யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். திங்கட்கிழமை குடும்பமாகக் கூடி ஜெபித்துப் படிக்கும் குடும்ப இல்ல மாலைக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தால் உடனே சண்டை. எங்கள் சபை வேதங்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தில், இரண்டாம் நேபி என்ற பகுதியில் வரும் ஏசாயா அதிகாரங்களைத் தாண்ட முடியவில்லை. "முதலில் வீட்டைப் பார், அப்புறம் மற்றவர்களுக்குச் செய்யலாம்" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரிதானா? மகளுக்கு எட்டு வயது ஆகப்போகிறது. அவளுடைய ஞானஸ்நானத்துக்கும் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. எதையுமே ஒழுங்காகச் செய்யவில்லை என்று மனசு உறுத்துகிறது.

எஸ்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் உங்கள் களைப்பைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'முதலில் இது, அப்புறம் அது' என்ற அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த வீடும் முழுதாகச் சரியாகி முடிவதில்லை. அதற்குக் காத்திருந்தால் யாரும் யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம் நேபியை இப்போதைக்கு அப்படியே வைத்துவிட்டு, அதே புஸ்தகத்தில் மோசியா என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வயதான பென்யமீன் ராஜா ஆட்சியை மகனிடம் கொடுக்கும் முன் மக்களை ஆலயத்துக்கு அழைக்கிறார். எப்படி வருகிறார்கள்? குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மனைவி, மகன்கள், மகள்கள், பேரப்பிள்ளைகள், மூத்தவர் தொடங்கிக் கடைசிக் குழந்தை வரை. ஆலயத்தைச் சுற்றிலும் கூடாரம் போடுகிறார்கள். ஒவ்வொரு கூடாரத்தின் வாசலும் ஆலயத்தைப் பார்த்து இருக்கிறது, உள்ளே இருந்தபடியே ராஜா பேசுவதைக் கேட்கலாம் என்று. கூட்டம் பெரிது. அவர் ஒரு கோபுரம் கட்டி அதன்மேல் நின்று பேசியும் எல்லோருக்கும் எட்டவில்லை. அதனால் அவர் சொன்னதை எழுதி அனுப்பச் சொல்கிறார். நாம் இன்று வேதமாக வாசிப்பது அந்தப் பேச்சைத்தான். கேட்க முடியாமல் பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்காக எழுதப்பட்ட பேச்சு அது. அந்தக் கூடாரங்களில் கைக்குழந்தைகள் அழாமலா இருந்திருக்கும்?

அந்தப் பேச்சில் அவர் சொல்வது என்ன? உங்கள்மேல் வரிச்சுமை ஏறக்கூடாது என்பதற்காக ராஜாவாகிய நானே என் கைகளால் உழைத்தேன், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, சக மனிதருக்கு ஊழியம் செய்யும்போது நீங்கள் தேவனுக்குத்தான் ஊழியம் செய்கிறீர்கள் என்கிறார். நம் சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் அது. ஆனால் அதைத் தனியாக எடுத்துப் பேசிப் பேசி, அது சொல்லப்பட்ட இடத்தை மறந்துவிடுகிறோம். குடும்பமாக வந்து கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னது அது. நீங்கள் தனித்தனியாக எண்ணிக் கவலைப்படும் குடும்பம், வேதம், ஊழியம் எல்லாம் அங்கே ஒரே நாளில், ஒரே இடத்தில் இருக்கின்றன.

நான்காம் அதிகாரத்திலும் அதே பேச்சுதான் தொடர்கிறது. உங்கள் பிள்ளைகள் பசியோடு இருக்க விடாதீர்கள், ஒருவரோடொருவர் சண்டை போட விடாதீர்கள், ஒருவரையொருவர் நேசிக்கவும் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யவும் கற்றுக்கொடுங்கள் என்கிறார். ஊழியத்தை முதலில் கற்றுக்கொள்ளும் இடமாக அவர் காட்டுவது வீட்டைத்தான். உங்கள் கணவரின் பேச்சில் இருக்கும் உண்மை இதுதான். கொஞ்சம் தள்ளிப் போனால், பசித்தவருக்குச் சாப்பாடு, உடையில்லாதவருக்கு உடை, நோயாளியைப் போய்ப் பார்ப்பது என்று நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் எல்லாம் வருகிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே ராஜா சொல்கிறார்: எல்லாம் ஞானத்தோடும் ஒழுங்கோடும் நடக்கட்டும், தன் பலத்தை மீறி ஒருவர் ஓடத் தேவையில்லை. ஏழைகளைக் கவனிக்கச் சொன்ன அதே மூச்சில் இதைச் சொல்கிறார். பலத்தை மீறி ஓடாமல் இருப்பதும் கட்டளையின் பகுதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, திங்கட்கிழமைச் சண்டைக்கு வருகிறேன். இந்தப் பழக்கம் 1915-இல் தொடங்கியது. ஜோசப் எஃப். ஸ்மித் சபையின் தலைவராக இருந்தபோது சபைத் தலைமையினர் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஜெபம், பாட்டு, வேத வாசிப்பு, குடும்ப விஷயங்கள் எல்லாம் பேசும் ஒரு மாலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதையும் விளையாட்டும் இருக்கலாம், விறைப்பும் சம்பிரதாயமும் வேண்டவே வேண்டாம் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. 1970-இல்தான் சபை முழுவதற்கும் திங்கட்கிழமை என்று ஆனது. வேறு நாள் உங்களுக்கு ஒத்துவந்தால் அந்த நாளில் வையுங்கள். ஒரு பாட்டு, ஒரே ஒரு வசனம், ஒரு விளையாட்டு, ஜெபம். போதும். அடுத்த வாரம் மறுபடி உட்காருங்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் பாடத்தை மறந்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொரு வாரமும் தங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள் என்பது மட்டும் அவர்களுக்கு மறக்காது.

ஏசாயாவைப் பற்றி ஒன்று. இரண்டாம் நேபியில் 12 முதல் 24 வரை தொடர்ந்து ஏசாயாதான். அதை முடித்ததும் 25-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அதை எழுதிய நேபியே ஒப்புக்கொள்கிறார், ஏசாயா பேசிய பலவும் என் மக்களில் அநேகருக்குப் புரியக் கடினமாக இருந்தது என்று. அதனால் 25-க்குத் தாவுங்கள். நேபி தெளிவாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு, பிறகு திரும்பி வாருங்கள்.

உங்கள் சங்கம் எப்படித் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1842-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து நாவூவில் ஆலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களுக்குச் சரியான துணிமணி இல்லை. மார்கரெட் குக் என்ற தையற்காரப் பெண்ணுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க ஆசை, ஆனால் துணி வாங்கப் பணமில்லை. துணியை நான் தருகிறேன் என்றார் அவருக்கு வேலை கொடுத்திருந்த சாரா கிம்பல். அக்கம்பக்கத்துப் பெண்களையும் தன் வீட்டுக்கே அழைத்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் அந்த ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் ஒத்தாசைச் சங்கத்தை ஏற்படுத்தினார், அவருடைய மனைவி எம்மா ஸ்மித் முதல் தலைவியானார். இதில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. சாராவுக்கு அப்போது சில மாதக் கைக்குழந்தை. அவருடைய கணவர் ஹைரம் சபையில் இல்லை. 1843-இல்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார். உங்கள் கணவரும் அப்படிச் சேர்ந்துவிடுவார் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ளது. சாரா தன் வீடு முழுதாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. வெளியே ஓடவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வேலையைக் கொண்டுவந்தார்.

நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்காவது வீடு மாற்ற உதவி வேண்டுமென்றால் கணவரையும் கூப்பிடுங்கள். கட்டில் தூக்க ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஆராதனைக்கு வராத ஒருவர் உங்கள் விசுவாசத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடிய இடம் அதுதான். அப்படியும் முடியவில்லை என்றால் சங்கத் தலைவியிடமும் உங்கள் ஊர்ச் சபையை நடத்தும் ஆயரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆயரும் சம்பளம் வாங்காமல், தன் வேலையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஊழியம் செய்கிறவர்தான், அவருக்குப் புரியும். சபையே 2019 ஜனவரியிலிருந்து ஞாயிறு கூட்டங்களை மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. வேதத்தை வீட்டில் படிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் 'என்னைப் பின்பற்றி வாருங்கள்' பாடத்தையும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். மிச்சமான அந்த நேரத்தை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மகளின் ஞானஸ்நானம் பற்றி. எட்டு வயதிலிருந்து பெறலாம் என்பதுதான் கணக்கு. பிறந்தநாள் முடிந்த வாரமே நடந்தாக வேண்டும் என்று இல்லை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சபை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். அவளை நடுவில் வைத்து அப்பாவோடு வாதாட வேண்டாம். அவருக்கு என்ன தயக்கம் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள், பதில் சொல்லும் அவசரம் இல்லாமல் கேளுங்கள். ஒன்பது வயதிலோ பத்து வயதிலோ அப்பாவும் மனதார வந்து முன்வரிசையில் உட்காரும் ஒரு நாளில் அவள் பெற்றுக்கொண்டால், அவள் இழந்தது எதுவும் இருக்காது.