தலையில் வாங்கிய அடிகள்: கேள்வி பதில்

கேள்வி (தூத்தூரிலிருந்து ஒரு தாய்): கேரளப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழுபேர் ஆடும் கால்பந்து) ஆடப்போன என் மகன் இன்னொருவன் தலையோடு மோதி விழுந்துவிட்டான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். தலைவலி மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட விடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மண்டைக்குள் மூளை குலுங்கியதால் நரம்பிழைகளுக்கு நேர்ந்த பாதிப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. தலைவலி முற்றிலும் நின்று, மருத்துவரும் சம்மதித்த பிறகு, படிப்படியாகவே அவன் களத்திற்குத் திரும்ப வேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் மறுபடி அடிபட்டால், அரிதாக, மூளை வீங்கி உயிரே போகக்கூடும். வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பயிற்சியாளர்): ஒருமுறைகூட மயங்கி விழாத ஆட்டக்காரருக்கும் பாதிப்பு வருமா?

பதில்: வரலாம், நாம் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். தலைசுற்றக்கூட வைக்காத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது, நரம்பிழைகளைத் தாங்கி நிற்கும் டௌ என்னும் புரதம் கழன்று திரண்டு, மூளை மடிப்புகளின் ஆழத்தில் சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றிப் படிகிறது. மறதியும் தடுமாற்றமும் தரும் இந்த மூளை நோயைச் சி.டி.இ. என்பார்கள். குத்துச்சண்டை வீரர்களிடம் இந்தத் தடுமாற்றத்தை மார்ட்லாண்ட் என்னும் மருத்துவர் 1928லேயே எழுதினார். பந்தைத் தலையால் முட்டுவதில் பேர்பெற்ற இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் தம் 59ஆம் வயதில் இறந்தார். 2014இல் அவருடைய மூளையை மீண்டும் ஆராய்ந்தபோது இந்நோய் உறுதியானது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மூளை நலிவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ 3.5 மடங்கு அதிகம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களுள்ளும் அதிக ஆபத்து, பந்தை அதிகம் முட்டும் டிஃபெண்டர்களுக்கே. ஆகவே, பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறுவர்களை வரிசையாக முட்டவைக்கும் பயிற்சியை நிறுத்துங்கள் என்று உங்களை வேண்டுகிறேன். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு முட்டுவதையே 2015இல் தடைசெய்தது.

கேள்வி (களியக்காவிளையிலிருந்து ஒரு கபடி வீரர்): தலைக்கவசம் காக்குமா?

பதில்: மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

கேள்வி (வள்ளவிளையிலிருந்து ஒரு மகள்): இருபது ஆண்டு பந்து விளையாடிய அப்பாவுக்கு இப்போது மறதியும் கோபமும் அதிகம். இதே நோயா?

பதில்: உயிரோடு இருக்கும்போது இதை உறுதிசெய்ய இயலாது, இறந்தபின் மூளையைச் சோதித்தே சொல்ல முடியும். ஆனால் தைராய்டு குறை, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, மூளைமேல் மெல்லக் கட்டும் இரத்தம் ஆகியவையும் இப்படியே காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த வயதில் ஆடத் தொடங்கினார், எந்த இடத்தில் நின்று ஆடினார், எத்தனை முறை அடிபட்டார் என்பதை எழுதி எடுத்துப்போய், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.