கோடை முகாமில் வேலை பார்த்த மகனுக்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் தேர்வு முடிந்ததும் ஏற்காட்டில் ஒரு கோடை முகாமில் உதவியாளராகச் சேர்ந்தான். சாப்பாடு, தங்குமிடம் போக மாதம் 9,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். காலை 6 மணி உடற்பயிற்சியில் தொடங்கி இரவு 9.30க்கு கேம்ப்ஃபயர் முடியும்வரை வேலை. 18 நாளில் காய்ச்சலோடு வீடு திரும்பினான். ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பாதியில் நின்றால் 10,000 ரூபாய் கட்டுவதாக முத்திரைத்தாளில் அவனும் என் கணவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கிழிந்த கூடாரத்துக்கு 3,000 ரூபாய் வேறு கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசல் அவர்களிடம் இருக்கிறது. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் சமையற்கட்டில் வேலை செய்ததாக மகன் சொல்கிறான். புகார் கொடுத்தால், அனுப்பி வைத்த எங்கள் மீதே வழக்கு வருமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் மீது வழக்கு வராது. 14 வயது முடிந்து 18 முடியாதவர்களைச் சட்டம் 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது. சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழிலுக்கு அனுப்பினால்தான் பெற்றோருக்குத் தண்டனை. முகாம் உதவியாளர் வேலை அந்த வகையில் வராது. தைரியமாக மனு எழுதுங்கள்.

சிக்கல் முகாம்காரருக்குத்தான். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 1986இன் 7, 8ஆம் பிரிவுகளைப் பாருங்கள். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்கு மேல் வேலை வாங்குமுன் 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைமும் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம். உங்கள் மகனைக் காலை 6 மணிக்கு மைதானத்தில் நிறுத்தியதும் தப்பு, இரவு கேம்ப்ஃபயர் வரை வைத்திருந்ததும் தப்பு. தங்கிப் படிக்கும் முகாம்களில் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான்: பையன் அங்கேயே தூங்குகிறான் என்பதால் 24 மணி நேரமும் கைக்கு எட்டும் ஆளாகிவிடுகிறான். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் எழுதிய பதிவேடும் அவர்கள் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.

அடுத்து அந்த முத்திரைத்தாள். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 11ஆம் பிரிவை வைத்து, பிரிட்டிஷ் ஆட்சிக் கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903லேயே மோகரி பீபி வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. மகனின் கையெழுத்தை வைத்து அவர்கள் எதுவும் செய்ய முடியாது. உங்கள் கணவர் வயது வந்தவர் என்பதால் அவர் பக்கம்தான் பிடிக்கப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் உண்டு. சட்டம் தடுத்த நேரத்தில் வேலை வாங்குவதற்கான ஒப்பந்தம் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்று வாதிடலாம். அதைத் தாண்டினாலும், 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தாளில் எழுதிய 10,000 அப்படியே கிடைத்துவிடாது. காய்ச்சலில் கிடந்த பையனால் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பயந்துபோய் இந்தப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சம்பளக் கணக்கு: 9,000ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 300, 18 நாளுக்கு 5,400 ரூபாய். வராத நாளுக்குப் பிடிக்கலாம், வேலை செய்த நாளுக்குப் பிடிக்க முடியாது. ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 (2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது) வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளில் கணக்கு முடிக்கச் சொல்கிறது. கூடாரத்தை அவன் பொறுப்பில் ஒப்படைத்திருந்து, அவன் அலட்சியத்தால் கிழிந்திருந்தால் மட்டுமே சேதத்துக்குப் பிடித்தம்; அதுவும் அவன் பதிலைக் கேட்ட பிறகுதான். பணம் கொடுத்துவிட்டோம் என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கோரிக்கை மனுவுக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். சாட்சி சொல்லக்கூடிய மற்ற உதவியாளர்கள் ஜூனில் பள்ளி, கல்லூரி என்று பிரிந்துவிடுவார்கள். 'சம்பளம் இல்லை, அது ஊக்கத்தொகை' என்று பேச்சை மாற்றுவதும் வழக்கம்தான். 9,000 என்று வந்த வாட்ஸ்அப் செய்திதான் அதற்குப் பதில். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தியை அழிக்காமல், அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது: மகனை உட்காரவைத்து, எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ன வேலை என்று அவன் கைப்பட எழுதவையுங்கள். மருத்துவர் சீட்டையும் பஸ் டிக்கெட்டையும் அதோடு சேருங்கள். பிறகு, மைனர் மகனுக்காகக் காப்பாளர் என்று குறிப்பிட்டு, நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். 5,400 ரூபாயும் அசல் சான்றிதழும் 7 நாளில் வேண்டும் என்று கேளுங்கள். சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சிறுவரின் சம்பாத்தியத்தைப் பிடித்து வைப்பது இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015இன் 79ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

கடிதம் போனதும் 'நேரில் வாருங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கூப்பிடுவார்கள். 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'மதிப்பெண் சான்றிதழின் அசலைப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும், தேதியோடு எழுதிக்கொடுங்கள்.

7 நாளில் பதில் இல்லையென்றால் சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வேலை நடந்த இடம்தான் கணக்கு. ஈரோட்டில் கொடுத்தால் அங்கே போகச் சொல்லி நாள்தான் கடக்கும். சம்பளத்துக்கு ஒரு மனு, வேலை நேர மீறலுக்கு ஒரு மனு என்று பிரித்தே எழுதுங்கள். சான்றிதழுக்கு ஏற்காடு காவல் நிலையத்தில் தனிப் புகார். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். 14 வயது முடியாதவரை வேலைக்கு வைப்பது 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைக்கோ 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். உங்கள் மகனின் பணம் ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை, இதற்கு இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

அடுத்த கோடையிலும் அவன் வேலைக்குப் போக ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஈரோட்டிலேயே பகல் முகாம் பாருங்கள்: காலை 9 முதல் 12, ஒரு மணி நேரம் சாப்பாடு, பிறகு 1 முதல் 3. சம்பளம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வரட்டும், சான்றிதழின் நகலை மட்டும் கொடுங்கள். நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் ஒருவனே காவல் என்று சொன்னால், அந்த முகாம் வேண்டாம்.