வாசகர் கேள்விகள்: ஆக்சிஜன் காப்பதா, அரிப்பதா?

கேள்வி: நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதற்கும், மழையில் நனைந்த கடப்பாரை துருப்பிடிப்பதற்கும் ஆக்சிஜனே காரணம் என்று என் மகளின் பாடநூலில் இருக்கிறது. அதே வாயுவைப் பிராணவாயு என்றும் சொல்கிறோம். கெடுப்பதும் காப்பதும் ஒன்றாக இருப்பது எப்படி?
– வாசகி ஒருவர், பாலக்கோடு

பதில்: ஆக்சிஜனின் முதன்மையான குணம், பிற பொருள்களிடமிருந்து எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. அதன் அணுவின் வெளிச்சுற்றில் 6 எலக்ட்ரான்கள் உள்ளன; 8 ஆனால்தான் அது நிறைவு பெறும். அந்த இரண்டுக்கான இழுப்பு இரும்பின் மீது மெல்ல நடந்தால் துரு என்கிறோம், விறகின் மீது விரைவாக நடந்தால் நெருப்பு என்கிறோம், உண்ட ராகிக் களியின் மீது நடந்தால் அதுவே உடற்சூடாகவும் உழைக்கும் வலுவாகவும் ஆகிறது. வேறுபாடு வேகத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது.

ஒரு கிராம் சர்க்கரை அடுப்பில் எரிந்தாலும் உடலில் செரித்தாலும் கிடைக்கும் ஆற்றல் சுமார் 4 கிலோ கலோரிதான். ஒகேனக்கல்லில் காவிரி ஒரே பாய்ச்சலில் விழும்போது அதன் வலுவெல்லாம் இரைச்சலாகவும் சாரலாகவும் சிதறுகிறது. அதே நீரைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு சக்கரத்தைச் சுழல வைத்தால் வேலை வாங்கலாம். நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா செய்வது இரண்டாவது வகை வேலை. உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களை அது பல புரதங்களின் வழியே கை மாற்றி இறக்குகிறது. கடைசிப் படியில் நின்று அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அங்கே வாங்க ஆள் இல்லாவிட்டால் மேற்படிகள் அனைத்தும் அடைபட்டு நின்றுவிடும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜன் இருந்தால் சுமார் 30 ஏடிபி (செல்கள் ஆற்றலைக் கைமாற்றும் நாணயம் போன்ற பொருள்) மூலக்கூறுகளும், இல்லாவிட்டால் 2 மட்டுமே கிடைப்பதும் இதனால்தான்.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே இழுத்த ஆக்சிஜனே கரியமில வாயுவாக வெளியே வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கடைசிப் படியில் எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜனையும் பெற்றுக்கொண்டு அது தண்ணீராகிறது. கரியமில வாயு அதற்கு முந்தைய படிகளில், உணவின் கார்பனிலிருந்து உண்டாகிறது.

கத்தரிக்காய்க்கு வருவோம். அதன் செல்களில் பீனால் வகைப் பொருள்களும், அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துவைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி அந்தச் சுவர்களைக் கிழித்ததும் மூன்றும் சந்தித்து, பழுப்பு நிறப் பொருள் உருவாகிறது. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போடும் நம் வீட்டு வழக்கம் காற்றின் தொடர்பைக் குறைக்கிறது. அறிவியல் அதில் திருத்த ஒன்றுமில்லை.

கேள்வி: மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று படித்தேன். கல்லிலிருந்து இரும்பைப் பிரிப்பதில் ஆக்சிஜனுக்கு என்ன வேலை?
– வாசகர் ஒருவர், பர்கூர்

பதில்: ஆக்சிஜனை வெளியேற்றுவதே அங்கு வேலை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. அங்குள்ளவர்களின் உலை எப்படி அமைந்திருந்தாலும், மரக்கரி உலையின் வேதியியல் எங்கும் ஒன்றுதான். இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு பிணைந்த இரும்பு. துருத்தியால் அளவாகக் காற்றை ஊதும்போது கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகிறது. ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் அந்த வாயு, தாதுவிடம் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விட்டுச் செல்கிறது. இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் அந்தச் சூட்டை எட்டாததால் கிடைத்தது பஞ்சு போன்ற ஒரு கட்டியே. அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடு நீக்கினார்கள். துருப்பிடித்தல் என்பது இந்தப் பயணத்தின் திரும்பும் வழி. ஆனால் அதற்குக் காற்றோடு ஈரமும் வேண்டும்.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை: தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோர் உண்டு. தாதுவிடம் ஆக்சிஜனைப் பறிக்கும் அதே வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு மணமில்லை, தூங்குபவர் எழுவதில்லை.

கேள்வி: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும் என்பது உண்மையா?
– வாசகர் ஒருவர், தேன்கனிக்கோட்டை

பதில்: இல்லை. மரம் இரவிலும் சுவாசிக்கிறது, கரியமில வாயுவை விடுகிறது என்பது வரை சரி. ஆனால் அந்த அளவு திறந்த வெளியின் காற்றோட்டத்தில் கரைந்துவிடும். அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்ற பேச்சையும் இதோடு தள்ளிவிடலாம். ஒளியின்றி எந்த மரமும் ஆக்சிஜன் தராது.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில், இரண்டு நாள் மூடாப்புக்குப் பிறகு, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்கள். வேறு காரணம் இருக்குமா?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: நஞ்சு இல்லை என்று நீரைச் சோதிக்காமல் சொல்ல இயலாது. ஆனால் மூடாப்பும் விடியற்காலையும் நீங்கள் தந்த இரண்டு முக்கியமான தடயங்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்பதோ ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். பச்சைப் பாசி படர்ந்த ஏரியில் பகலில் பாசி ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இரவில் பாசி, மீன், அடிச்சேற்று நுண்ணுயிர் எல்லாமே எடுப்பவைதான். எனவே கையிருப்பு மிகவும் குறையும் நேரம் விடியலுக்குச் சற்று முன்பு. வானம் மூடியிருந்தால் முந்தைய பகலின் வரவும் குறைந்திருக்கும். முதலில் பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருந்தால் மூச்சுத்திணறல் என்றே கொள்ளலாம். அருவியில் விழும் நீர் காற்றுக் குமிழிகளை உள்ளிழுத்துக்கொண்டு ஓடுவதால் இந்தத் தட்டுப்பாடு அங்கே எளிதில் வராது. ஏரியிலும் மோட்டார் வைத்து நீரை இறைத்து மேலிருந்து சிதறவிடுவதே உடனடி உதவி; சில நாட்களுக்குச் சாணமும் தீவனமும் போடாதிருப்பது நல்லது.

கேள்வி: பாழடைந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்பலாமா?
– வாசகர் ஒருவர், அரூர்

பதில்: பாதி நம்பலாம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. அது 16 அளவுக்கு இறங்கும்போது விளக்கு அணையும். மனிதர் மயங்கி விழுவது 10க்குக் கீழே. ஆகவே விளக்கு முன்கூட்டியே எச்சரிக்கிறது. அணைந்தால் இறங்கக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்று பொருளில்லை. அழுகும் இலைதழைகளிலிருந்து எழும் மீத்தேன் அந்தச் சுடராலேயே பற்றிக்கொள்ளலாம். ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே ஆளை வீழ்த்தும், விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். தழைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவதே பெரும்பாலான ஊர்களில் இரண்டாவது, மூன்றாவது சாவுக்குக் காரணமாகிறது. 101 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டு, அவர்கள் மூச்சுக் கருவியோடு வரும்வரை மேலேயே நில்லுங்கள்.