மகளுக்கு வந்த கேள்விக்கு மகளே பதில் சொல்லட்டும்

ஒட்டுசுட்டான் அம்மாவுக்கு,

போன கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவில் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கதை பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

“ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆளுமை வளர்ச்சி, தலைமைத்துவம் என்று ஒன்லைனில் ஒரு வகுப்பு நடக்கிறதாம். காசு கட்டட்டுமா?” என்று கேட்டீர்கள். இப்போதைக்குக் கட்டவேண்டாம். காரணம் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

அன்றைக்கு நான் மகளிடம் மூன்று கேள்வி கேட்டேன். எந்தப் பாடம் பிடிக்கும், பரீட்சை எப்படிப் போனது, இப்போது வீட்டில் என்ன செய்கிறாய். மூன்றுக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். இரண்டாவது கேள்விக்கு அவள் “கெமிஸ்ட்ரி...” என்று தொடங்கினாள். மீதியை நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதன்பிறகு அவள் மடியில் இருந்த ஃபைலின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாகவே இருந்தாள். வாய் திறக்கத் தெரியாத பிள்ளை இல்லை அம்மா. திறந்த இடத்தில் இடம் கிடைக்கவில்லை.

உங்களில் பிழை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போர் முடிந்த 2009இல் அவள் மூன்று வயதுக் குழந்தை. கையை விட்டால் பிள்ளை தொலைந்துவிடும் என்ற நிலையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் நீங்கள். முகாமில் இருந்து, திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் முதலில் இருந்து தொடங்கினீர்கள். இறுக்கிப் பிடித்த அந்தக் கை அவ்வளவு சுலபமாகத் தளராது. ஆனால் இப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

தலைமைத்துவம் என்றால் என்ன என்று அவளுடைய அப்பாவிடம் கேளுங்கள். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவருக்குத் தெரியும். துருசு (மதகு) திறந்து நாலு நாளாகியும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால், கமக்கார அமைப்பில் யாரைத் தேடிப் போகிறார்கள்? கூட்டத்தில் மைக் பிடித்து நன்றாகப் பேசுகிறவரையா? இராத்திரியில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடந்துபோய், எங்கே மறித்திருக்கிறார்கள் என்று பார்த்து, சண்டை வராமல் கதைத்து முடித்துவிட்டு வருகிறவரையா? கணக்கு வாசிக்கும்போது “இது நான் விட்ட பிழை” என்று எழுந்து நின்று சொல்கிறவரை அடுத்த வருடமும் தெரிவு செய்கிறார்கள். இதை எந்த வகுப்பும் சொல்லித் தராது. பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் வரும்.

அதனால் வீட்டில் ஒரு முழு வேலையை அவளிடம் கொடுங்கள். “உதவி செய்” என்று கூப்பிடுவது வேறு. காலபோக (பெரும்போக) நெல் வேளாண்மைக் கணக்கை முழுவதும் அவளிடம் விடலாம்: பசளை, உழவு, வெட்டு மெசின் கூலி, நெல் விற்ற காசு எல்லாம். அவளே கொப்பியில் எழுதட்டும், அவளே வங்கிக்குப் போகட்டும், படிவத்தை அவளே நிரப்பட்டும். பிழை வரும். வந்தால் நீங்கள் திருத்தவேண்டாம். எங்கே பிழைத்தது என்று அவளே தேடிப் பிடிக்கட்டும், ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. கணக்கு எழுதி வைத்தால் அதைப் பார்த்து ஒரு முடிவு எடுக்கவும் விடுங்கள். எழுதுகிறவள் ஒருத்தி, தீர்மானிக்கிறவர் வேறொருவர் என்றால் அவள் வெறும் கிளார்க்தான்.

அப்புறம் தம்பிக்குப் படிப்பிப்பதாகச் சொன்னாளே, ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு உட்காரவேண்டும். சின்னப் பையனுக்குத்தானே சொன்னேன் என்று பிந்தக்கூடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியைப் பார்த்து அழவோ துள்ளவோ வேண்டாம். பல பாடநெறிகளுக்கு 40 வீத இடங்களை நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கிறார்கள். முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தடவையும் எழுதலாம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. அதே அறிவியல்நகரில் ஜேர்மன் ரெக் என்று சொல்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைத் தரங்களில் நான்கு என்றால் தேர்ந்த தொழிலாளர், ஐந்து டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அந்த வழியைத் தோற்றவர்களின் வழி என்று வீட்டில் தயவுசெய்து சொல்லாதீர்கள். எது என்பதை அவளே தெரிவு செய்யட்டும். எங்கே போனாலும் நேர்முகத்தில் “நீ பொறுப்பெடுத்து முடித்த ஒரு வேலையைச் சொல்லு” என்று கேட்கக்கூடும். அப்போது அந்தக் கணக்குக் கொப்பி அவளுக்குக் கை கொடுக்கும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முதல் இரண்டு நாளும் கஷ்டமாக இருக்கும், வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தோன்றும். இருக்கட்டும், எண்ணுங்கள்.

அடுத்த சந்திப்புக்கான நாளை அவளே எனக்குத் தொலைபேசியில் கேட்டு எடுக்கட்டும். பஸ்ஸில் தனியாக வந்தால் நல்லது. நீங்களும் வருவதென்றால் வெளியே வாங்கில் இருங்கள், முடிந்ததும் நானே வந்து கூப்பிடுகிறேன். கெமிஸ்ட்ரியைப் பற்றி அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் முதலில் கேட்கவேண்டும்.