ஆக்சிஜன் இல்லாத கடலைப் படித்தால் யார் வேலை தருவார்கள்?

அன்புள்ள ஐயா,

வேதியியல் இளநிலை இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், கடலில் ஆக்சிஜன் அற்றுப்போன பகுதிகளை ஆராயப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "மீன்கூட வாழாத தண்ணீரை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம், அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவளை மனம் மாற்றும்படியும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் செய்யப் போவதில்லை.

மீன் வாழாது என்பது பெருமளவு உண்மை. ஆனால் அந்த நீர் உயிரற்ற நீர் அல்ல. ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதுவும் தீர்ந்தால் சல்ஃபேட்டுக்குப் போகின்றன. அப்போதுதான் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. கருங்கடலின் ஆழம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. திறந்த கடலில் பசிபிக்கின் கிழக்கு வெப்பமண்டலப் பகுதியில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, அரபிக்கடலில் ஒன்று என மூன்று பெரிய ஆக்சிஜன் வறட்சி மண்டலங்கள் உள்ளன. கடலின் மொத்த நீரில் இவை சிறு பகுதிதான். ஆனாலும் உயிர்களுக்குப் பயன்படும் நைட்ரஜனில் கடல் இழப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இங்கேதான் வாயுவாக மாறிப் போகிறது என்பது மதிப்பீடு. அந்த வழியில் உண்டாகும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 1960 முதல் உலகக் கடல்கள் தம் ஆக்சிஜனில் சுமார் 2 விழுக்காட்டை இழந்திருக்கின்றன. காலநிலைக் கணிப்பும் மீன்வளக் கணிப்பும் செய்யும் எவரும் இந்தத் தண்ணீரை ஒதுக்கிவைக்க முடியாது. சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

உங்கள் கவலைக்கு நேரான பதிலை அனமாக்ஸ் என்ற நுண்ணுயிர் வினையின் கதையில் காணலாம். ஆக்சிஜனே இல்லாமல் அம்மோனியத்தை நைட்ரைட்டோடு சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கும் நுண்ணுயிரி இருந்தாக வேண்டும் என்று 1977இல் ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கெல்பர்ட் புரோடா ஆற்றல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதைக் கண்டுபிடித்த இடம் கடல் அல்ல. 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆய்வில்தான் அது அகப்பட்டது. 2003இல் கருங்கடலிலும் அது நடப்பது தெரிந்தது. இன்று கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்கும் ஆலைகளில் அதே வகை நுண்ணுயிரிகள் வேலை செய்கின்றன. கடலுக்கும் ஆலைக்கும் வேதியியல் ஒன்றே. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியை இயக்கத் தெரிந்தவர், கலவையிலுள்ள வாயுக்களைப் பிரித்தறியும் வாயு நிறப்பிரிகை தெரிந்தவர், மரபணு வரிசைத் தரவைப் படிக்கத் தெரிந்தவர் ஆகியோருக்குக் கப்பல் கிடைக்காவிட்டாலும் ஆய்வகம் கிடைக்கும்.

ஆகவே இப்போதே கடலியல் பட்டத்துக்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் விடும் பாடத்திட்டங்களைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். முதுநிலையில் பகுப்பாய்வு வேதியியலைப் பிடிக்கட்டும். கூடவே நுண்ணுயிரியல் ஒரு தாள், புள்ளியியல், பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி. கடல் அதற்கு அப்புறம் வரட்டும்.

ஏன் அளவீட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? இந்தத் துறையின் சண்டைகளில் பாதி அளவீட்டுச் சண்டைகள். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் வின்க்லர் 1888இல் தந்த தரம்பார்த்தல் முறை இன்றும் கப்பல்களில் நடக்கிறது. ஆனால் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீரில், குப்பியை நிரப்பும்போது நுழையும் சிறு காற்றே முடிவைக் கெடுத்துவிடும். நானோமோல் என்ற மிக நுண்ணிய அளவு வரை உணரும் ஸ்டாக்ஸ் உணரிகள் வந்த பிறகுதான், கொஞ்சம் ஆக்சிஜன் இருப்பதாக நினைத்த சில ஆழங்களில் கண்டறியும் அளவுக்குக்கூட அது இல்லை என்பது வெளிப்பட்டது. அலகுகளிலேயே குழப்பம் உண்டு: பழைய தரவுகள் லிட்டருக்கு மில்லிலிட்டரில் இருக்கும், புதியவை மைக்ரோமோலில். லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் என்பது சுமார் 44.7 மைக்ரோமோல். மாற்ற மறந்தவர்கள் கதை நிறைய.

இதனால்தான் இங்கே கூட்டு ஆய்வு ஓர் அலங்காரம் அல்ல. ஸ்கோர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுக் கடல் ஆய்வுக் குழு, ஆக்சிஜன் குறைவுக்கு நுண்ணுயிர்கள் எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதற்காகவே 144ஆம் பணிக்குழுவை அமைத்தது. அக்குழு சார்பில் 2014இல் கனடாவின் சானிச் இன்லெட் என்ற கடற்கழியில் பல ஆய்வகங்கள் கூடி, ஒரே நீரை வெவ்வேறு முறைகளில் சேகரித்துப் பார்த்தன. குப்பியில் மேலே கொண்டுவந்து வடிகட்டியதற்கும் ஆழத்திலேயே வடிகட்டியதற்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறாகத் தெரிந்தது. நம் முறையே விடையை மாற்றுகிறது என்று ஒப்புக்கொள்ள வேதியியலாளரும் உயிரியலாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு அந்த மேசையில் இடம் வேண்டுமென்றால், தன் எண்களை மறைக்காமல் காட்டும் குணமும் பிறர் மொழியைக் கற்கும் பொறுமையும் வேண்டும். தனியே படித்து முதலிடம் வாங்கும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒப்பந்த வேலைகள், நாடு விட்டு நாடு, நிரந்தரப் பதவிக்கு நீண்ட காத்திருப்பு. வாரக்கணக்கில் கப்பல், நள்ளிரவில் மாதிரி எடுக்கும் முறை, கடல் மயக்கம். கடலே ஒத்துவராதவர்கள் மிதவைக் கருவிகளின் தரவிலும் கணினி மாதிரிகளிலும் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்கிறார்கள். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வின் தலைப்பைவிட, அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை அவள் விசாரிக்கட்டும். கூட்டுப் பயணத்தில் எடுத்த தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்கட்டும். வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வகத்தில் சில காலம் பயில, ஸ்கோரும், உலகக் கடல்களைக் கண்காணிக்கும் ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பான போகோவும் சேர்ந்து உதவித்தொகை தருகின்றன. முனைவர் ஆய்வில் சேர்ந்ததும் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை போதும். உலகக் கடல் தரவுத்தளம் இலவசம். அரபிக்கடலின் நடு அல்லது வடகிழக்குப் பகுதியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மேற்பரப்பிலிருந்து 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன், நைட்ரேட், நைட்ரைட் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து வரட்டும். சுமார் 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கோடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே நைட்ரைட் ஏன் எழும்புகிறது என்று அவளே கேட்டால், அடுத்த சந்திப்பில் நீங்களும் கூட வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று மூவரும் சேர்ந்து பேசலாம்.