இணையம் வந்தபின் வீடியோ கேம்களில் மர்மம் இல்லாமல் போய்விட்டதா?

மர்மம் மறையவில்லை; அதன் ஆயுள்தான் சுருங்கிவிட்டது. போகிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும், 1996இல் ஜப்பானில் வெளியான முதல் போகிமான் விளையாட்டில், வெர்மிலியன் நகரத் துறைமுகத்தருகே காரணமே இல்லாமல் ஒரு லாரி நிற்கும். அதை நகர்த்தினால் அடியில் மியூ என்னும் அரிய போகிமான் கிடைக்கும் என்று சிறுவர்களிடையே பரவிய வதந்தி, சரிபார்க்க எளிய வழி இல்லாததால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தது. லாரியடியில் எதுவுமில்லை. (அவர்கள் நம்பியதில் வியப்பில்லை, மியூ உண்மையிலேயே நிரலுக்குள் ஒளிந்திருந்தது.) இன்றோ ஒரு விளையாட்டு வெளியானவுடனேயே அதன் கோப்புகளைப் பிரித்து, உள்ளே இருப்பதையும் இல்லாததையும் ரசிகர்கள் பட்டியலிட்டுவிடுகிறார்கள். ஆனால் எதிராளி நம்மைக் காணும் கணத்தில் பறந்து தப்பி, நிரல்பிழை ஒன்றின் வழியே அதே மியூவைப் பிடிக்கும் முறை 2003 வாக்கில் பரவலாகத் தெரியவந்ததும் இணையத்தால்தான்.