பயாப்ஸி ரிப்போர்ட்டில் வைரஸ் பெயர்: லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) கேள்வி-பதில்

அப்பாவுக்கு 67 வயது. 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா, ஈபர் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வைரஸ் ரத்தத்தில் பரவிவிட்டதா டாக்டர்?

ஈபர் ரத்தப் பரிசோதனை இல்லை. கட்டியிலிருந்து சீவிய மெல்லிய துண்டில் எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பது. இருந்தால், மைக்ரோஸ்கோப்பில் அந்தப் புற்றுச் செல்களின் உட்கரு மைத்துளி சிந்தியதுபோலக் கறுத்துத் தெரியும்.

பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறோம், நானும்தான். அதனால் ரத்தத்தில் அதன் ஆன்டிபாடி இருப்பது செய்தியே அல்ல. புற்றுச் செல்லுக்குள் இருப்பதுதான் செய்தி. வயதாக ஆக அதைக் காவல் காக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தளர்வது இதற்கு ஒரு காரணம். வைரஸ் இல்லாத அதே லிம்போமாவைவிட இது, குறிப்பாக வயதானவர்களிடம், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் நோய் எந்தக் கட்டம், அப்பாவின் உடல்வலு எப்படி என்பவையும் அதே அளவுக்கு முக்கியம். சிகிச்சை பெரும்பாலும், பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து சேர்த்த கீமோதான். வைரஸ் மாத்திரை தனியாகக் கேட்க வேண்டாம். அது பெருகும் வைரஸைத்தான் தடுக்கும், செல்லுக்குள் பதுங்கிக் கிடப்பதை ஒன்றும் செய்யாது.

என் மகளுக்கு 19 வயது, ஹாட்ஜ்கின் லிம்போமா. அவளுக்கும் ஈபர் பாசிட்டிவ். அப்படியென்றால் மோசமா?

இல்லை. இளம் வயது ஹாட்ஜ்கினில் இந்த ஒரு வரியால் பலன் பெரிதாக மாறுவதில்லை. அப்பாவுக்குச் சொன்னதை மகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

எனக்கு எப்போதோ மஞ்சள் காமாலை வந்து சரியாகிவிட்டது. கீமோவுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எதற்கு?

எல்லாரும் அலட்சியமாகக் கடந்துபோகும் டெஸ்ட் இது. சரியான பிறகும் ஹெபடைட்டிஸ் பி-யின் மரபுப்பொருள் கல்லீரல் செல்களுக்குள் தங்கியிருக்கும். ரிட்டுக்சிமாப் பி செல்களைத் துடைத்தெடுத்ததும் காவல் போய், தூங்கிய வைரஸ் எழுந்துகொள்ளும். லிம்போமா கரைந்துகொண்டிருக்க, கல்லீரல் செயலிழந்து உயிர்போனவர்கள் உண்டு. 'சர்ஃபேஸ் ஆன்டிஜன் நெகட்டிவ்' (வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தென்படவில்லை) என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், 'ஆன்டி-கோர்' டெஸ்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பழைய தொற்றைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அது பாசிட்டிவ் என்றால் வைரஸை அடக்கி வைக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். கீமோ முடிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். "அதான் கீமோ முடிஞ்சிடுச்சே" என்று நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

ஹெபடைட்டிஸ் சி மாத்திரையால் லிம்போமாவே கரையும் என்கிறார்களே, நம்பலாமா?

சில வகைகளில் நம்பலாம். 2002-இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு இன்றும் வியப்பு. மண்ணீரலில் மெதுவாக வளரும் லிம்போமாவும் ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்த 9 பேருக்கு இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி கொடுத்தார்கள். வைரஸ் நீங்கிய 7 பேருக்கு லிம்போமாவும் மறைந்தது. அவர்களில் ஒருவருக்கு வைரஸ் திரும்ப வந்தபோது நோயும் கூடவே வந்தது. அதே லிம்போமா இருந்தும் ஹெபடைட்டிஸ் சி இல்லாத 6 பேருக்கு அதே மருந்து பலிக்கவில்லை. இன்று இன்டர்ஃபெரான் ஊசி தேவையில்லை, சில வார மாத்திரையே போதும். ஆனால் வேகமாக வளரும் லிம்போமா என்றால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, கீமோ வேண்டும்.

வீட்டில் குழந்தைகளுக்குத் தொற்றுமா?

லிம்போமா தொற்றாது. உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் மட்டும், வீட்டில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.